சாவி தேடிய காந்தம்

சொந்த வீட்டுக்குள்ளேயே துப்பறிகிற வீட்டுக்காரரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் ஒரு வாரம் பார்த்தேன். அதுவும் பூண்டு வயலில் களை முழங்கால் உயரம் மண்டிக் கிடந்த வாரத்தில்.

விவகாரம் பிளம்ஸ் ஒயின். பிளம்ஸ் பழுத்ததும் ஜாடியில் ஊறப்போட்டு, வடிகட்டி, ஆறு பாட்டிலில் அடைத்து கிறிஸ்துமஸுக்கு வைப்பேன். போன வருஷம் பெரும்பாறையிலிருந்து வந்த என் நாத்தனார் ஆக்ஸிலியா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நதியா, டீத்தண்ணி நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் ஆறிப்போச்சு" என்றார். ஆறு பாட்டிலிலும் டீத்தண்ணிதான். ஒயின் இருந்த இடம் என் வீட்டுக்காரர் டிக்சனின் வயிறு. கேட்டதற்கு, ருசி பார்த்தேன் என்றார். ஒரு பாட்டில் விடாமல் பார்த்திருக்கிறார், பொறுப்பான மனுஷன்.

அன்றிலிருந்து நாத்தனார் போன் செய்தால் முதல் கேள்வி, "என்ன, டீ போட்டாச்சா?"

இந்த வருஷம் விடுவதாயில்லை. ஆறு பாட்டிலையும் இரும்புப் பெட்டியில் வைத்து, திண்டுக்கல் பூட்டைப் போட்டேன். அதற்கு இருப்பது ஒரே சாவி, பித்தளைச் சாவி. அது இருக்குமிடம் எனக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

டிசம்பர் பிறந்ததும் அவருக்குக் கை அரித்தது. முதலில் அரிசி டிரம்மைத் துழாவினார். பிறகு என் சேலைகளை உதறினார். மூன்றாம் நாள், பழைய ஸ்பீக்கரை உடைத்து அதற்குள் இருந்த வட்டக் காந்தத்தைப் பிடுங்கினார். காந்தம் இருந்தால் சாவி தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமாம்.

எங்கள் மகள் சுஜிதாவின் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். காந்தம் இரும்பை இழுக்கும், பித்தளையைச் சீண்டாது என்று போட்டிருந்தது. புத்தகத்தை மடித்துப் போர்வைக்கு அடியில் வைத்துவிட்டுக் களை வெட்டப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காந்தம் இரும்புப் பெட்டியைப் பிடித்திருந்தது. நடுவில் அவருடைய ஆள்காட்டி விரல். இழுத்தால் வரவில்லை. பக்கவாட்டில் நகர்த்தி, விரலை மீட்டு, தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், வேண்டும்போது பிடிக்கிற, வேண்டாதபோது விடுகிற காந்தம் ஒன்று வேண்டும் என்று மோட்டார் ரிப்பேர் செய்கிற ஆனந்தைப் போய்ப் பார்த்தார். இருவருமாக ஒரு பெரிய போல்ட்டில் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினார்கள். கம்பியின் இரண்டு முனையையும் மருந்தடிக்கிற மெஷினின் பேட்டரியில் கொடுத்தால் போல்ட் காந்தமாகிவிடுகிறது. முனையை எடுத்தால் வெறும் போல்ட். அவரும் அதே ஜாதிதான். நான் பக்கத்தில் நிற்கிறவரைக்கும் வேலை நடக்கும்.

மறுநாள் மத்தியானம் முழுக்க போல்ட் ஊர்வலம். பருப்பு டப்பாவில் ஊசி மூன்று. கட்டிலடியில் ஊக்கு பதினொன்று. விறகு மூலையில் என் களைக்கொத்து. அதைக் காணோமென்று பக்கத்து வீட்டு சண்முகசுந்தரியோடு நான் பேசாமலிருந்தது இரண்டு மாசம். கடைசியாக, அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்ட விதைப் பூண்டுக்குள் போல்ட்டை விட்டார். டக்கென்று ஏதோ ஒட்டியது. முகம் மலர்ந்து வெளியே இழுத்தார். கார்க் பிடுங்குகிற ஓப்பனர்.

"ஏங்க, இது எப்படிங்க பூண்டுக்குள்ள போச்சு?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"எலிக்கு எதுக்குங்க ஓப்பனர்?"

அவர் கம்பியைப் பேட்டரியிலிருந்து எடுத்தார். ஓப்பனர் பொத்தென்று என் கையில் விழுந்தது.

அன்று சாயங்காலமே கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டச் சொன்னேன். எங்கள் மலைக்காற்று சும்மா விடாது என்பதால், ஸ்டார் ஆடாமலிருக்க அடியில் கட்ட ஒரு கனம் வேண்டும். சின்னத் துணிப் பொட்டலம் ஒன்றைத் தைத்துக் கொடுத்தேன். ஏணியில் ஏறி அதையும் கட்டினார். இடுப்பில் பேட்டரி, தோளில் போல்ட். இறங்கும்போதே ஓட்டு வரிசையெல்லாம் தடவிப் பார்த்தார், ஸ்டாரையும் ஒரு சுற்று. ஒன்றும் ஒட்டவில்லை.

"சுஜிதாம்மா, சாவி இந்த வீட்டுலயே இல்ல. நீ தொலைச்சுட்ட" என்றார். குரலில் அழுகை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து நாத்தனார் வந்து உட்கார்ந்தார். உட்காரும்போதே கேட்டார், டீ போட்டாச்சா என்று. நான் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இந்த வருஷம் ஒயினே கெடையாதுக்கா. சாவியத் தொலைச்சுட்டா. வீடு முழுக்க நானே காந்தம் வச்சுப் பாத்துட்டேன். இருந்தா ஒட்டியிருக்கும்ல?"

நாத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். போன வருஷச் சிரிப்பு. ஆறு டம்ளரைக் கழுவி வரிசையாக வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன்:

"ஏங்க, மதினி எம்புட்டு நேரம் காத்திருப்பாங்க? வெரசா ஏணியப் போட்டு, ஸ்டாருக்கு அடியில நீங்க கட்டுன அந்தப் பொட்டலத்த அவுத்துக் கொண்டாங்களேன்."