ஒரு ஏ குறைஞ்ச பேங்கும் மச்சானின் எட்டு லட்சமும்

கரமனை,
திருவனந்தபுரம்.

மரியாதைக்குரிய மச்சான் திரவியம் அவர்களுக்கு, மைத்துனன் தாணு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி பேச்சியும் டீக்கடையும் சௌக்கியம். அங்கு அக்காவும், கல்யாணப் பொண்ணு பொன்செல்வியும், உங்க பிரஷரும் எப்படி? போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாள். அதனால்தான் கடிதம்.

நீங்க இங்க ஹோட்டல் வேலை பார்த்துச் சேர்த்து, பொன்செல்வி கல்யாணத்துக்குன்னு என் கடைக்கு எதிர்த்த பேங்கில் போட்ட எட்டு லட்சம் பத்திரமா, பேப்பரில் ரேட்டிங் குறைஞ்சதாப் போட்டிருக்கேன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டு ஏ இருந்ததை ஒரு ஏ ஆக்கிட்டானாம். நான் படிச்ச அஞ்சு கிளாஸ்லயும் அந்த ஒரு ஏ கூட எனக்கு யாரும் தரல, நல்லாத்தானே இருக்கேன்? ஆனாலும் உங்களுக்காக, மேனேஜர் ஜெயன் சார் டீ குடிக்க வந்தப்ப கேட்டேன். "தாணு அண்ணா, பேடிக்கண்டா"ன்னார். பயப்படாதேன்னு மேனேஜரே சொன்னா பயம் வருமா வராதா? விடாம பிடிச்சுக்கிட்டேன். மார்க் போடுறவன் கட்டிடத்தையும் ஏசியையும் பாக்க மாட்டானாம். சொந்த முதல் எவ்வளவு, கொடுத்த கடன்ல வராம நிக்கிறது எவ்வளவு, எல்லாரும் ஒண்ணா வந்து கேட்டா கொடுக்கக் கையில ரொக்கம் இருக்கா, வருஷக் கடைசியில லாபம் மிஞ்சுதா, இதத்தான் பாப்பானாம். பொன்முடில ரிசார்ட் கட்டுறேன்னு ஒருத்தன் வாங்கின பெரிய கடன் வராம நிக்குது, அதுல போச்சாம் அந்த ஏ.

"இவ்வளவுதானா சாரே? என் கடைக்கும் மார்க் போடுவோம்"னு பற்று நோட்டை விரிச்சேன். சொந்த முதல், பேச்சி வளையல். ரொக்கம், டப்பாவில நூத்தி நாப்பது. வராம நிக்கிறதுல முதல் பேரு யாருங்கீங்க? ஜெயன் சாரேதான்! அறுநூத்தி நாப்பது ரூபா, பாதியும் டீயோட தின்ன பழம்பொரி, நம்ம ஊரு பஜ்ஜி மாதிரி நேந்திரம்பழத்துல போடுறோமே, அது. மனுசன் முகம் செவந்து, நின்ன எடத்துலயே போனைத் தட்டி முழுசும் அனுப்பிட்டார். கூட நின்ன பேங்க்காரங்க நாலு பேரும் கேக்காமலே கொடுத்தாங்க. மச்சான், பழம்பொரிக்கே இவ்வளவு வெக்கப்படுறவர் உங்க எட்டு லட்சத்தை விழுங்குவாரா? பணம் அங்கேயே கிடக்கட்டும். நீங்க போய்ப் பந்தல்காரனைப் பாருங்க.

பொன்செல்விக்குத் தாய்மாமன் ஆசி, அக்காவுக்கு நமஸ்காரம், உங்களுக்குக் கொஞ்சம் தைரியம் உண்டாகட்டும்.

அன்புள்ள,
தாணு

பி.கு.: கவரை ஒட்டப் போறப்ப ஜெயன் சார் மறுபடி வந்தார். சின்னக் கடைக்காரங்களுக்குக் கடன் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். நான் கேக்கவே இல்ல, மூணு லட்சம்! ஈடு என்ன தரணும்னேன். "அண்ணன்டெ முகம் மதி"ன்னார், முகமே போதுமாம். மச்சான், என் முகத்தை நம்பிக் கடன் கொடுக்கிற பேங்கு நிலைக்குமா? முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து பணத்தை எடுத்துருங்க. ஆனா எட்டையும் அங்க தேடாதீங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன், அதுல மூணு இப்ப என் கல்லாவில இருக்கு.