பிஷப்பின் கழுத்து

வேலிக்கு மேலே டிம்ப்னாவின் தலை தெரிந்தபோது, அவளுடைய சேவலின் கழுத்து இறகுகள் நான்கு மாலக்கியின் சட்டைப் பைக்குள் இருந்தன. சூடுகூட ஆறவில்லை.

"நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க. நம்ம பிஷப்புக்கு ஏதோ வியாதிங்க. கழுத்து மொட்டையாகிட்டே வருது பாருங்க."

பிஷப் என்கிற அந்தச் சேவல் மாலக்கியை முறைத்தது. சாட்சி சொல்ல வாயில்லாத கோபம் அதன் கண்ணில் இருந்தது.

ஜூன் தொடக்கம். டீல் ஆற்றின் மேல், ட்ரவுட் மீன்கள் பாய்ந்து தின்னும் மே ஈ என்கிற பூச்சி பறக்கிற இந்த நாட்களில் ஊரில் பல் மருத்துவர்கூட அகப்படமாட்டார். எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றிச் செய்த பொய் ஈயை ட்ரவுட் மீனின் மூக்குக்கு முன்னால் வீசிக்கொண்டிருப்பார்கள். கடையில் விற்கிற இறகு தண்ணீரில் அமிழ்ந்துவிடும் என்பது மாலக்கியின் கட்சி. பிஷப்பின் தேன் நிற இறகு மிதக்கும். அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் பால் லாரி ஓட்டும் மாலக்கிக்கு, நாற்பது தாண்டியும், நூலக வண்டி ஓட்டும் பக்கத்து வீட்டு டிம்ப்னாவிடம் எதையும் கேட்க வாய் வந்ததில்லை. இறகைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் அதே தொண்டையில் அடைத்துக் கிடந்தது.

"பேனுங்க," என்றான். "கோழிப் பேனு."

மறுநாள் அவனே மருந்துப் பொடி வாங்கி வந்து தூவினான். பிஷப் மஞ்சளாகி, பொழுது சாயும்வரை தும்மியது. பேன் ஒன்றும் உதிரவில்லை.

"அப்போ வியாதி இல்ல," என்றாள் டிம்ப்னா. "யாரோ பிடுங்கறாங்க."

"நரியா இருக்கும்."

"நரி நிறம் பார்த்துப் பிடுங்குமா?"

"இந்த ஊரு நரி பிடுங்குங்க."

"அப்போ சாயங்காலம் வந்து காவல் இருங்க. எனக்குத் தனியா பயமா இருக்கு."

திருடனே காவலுக்கு உட்கார்ந்தான். மூன்று மாலைகள். வேலிக்கு அப்பால் ஆற்றில் ட்ரவுட் துள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வருடத்தின் மிகச் சிறந்த மீன்கள். மாலக்கி எழுந்திருக்கவில்லை. டிம்ப்னா சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள்.

"நீங்க இருக்கறதாலதான் நரி வரல," என்றாள்.

அது முழு உண்மை.

மூன்றாவது மாலை அவள் பிஷப்பை மடியில் வைத்து மொட்டைக் கழுத்தை வருடினாள். "பாவம். இந்த வீட்ல எனக்குத் துணைன்னு இது ஒண்ணுதான்."

மாலக்கி கடித்த ரொட்டியைத் தட்டிலேயே திருப்பி வைத்தான்.

மறுநாள் அவள் வண்டியெடுத்துப் போனதும் வேலி தாண்டினான். கையில் பொய் ஈக்கள் வைக்கும் பெட்டி. அந்தப் பருவத்துக்கென்று கட்டி வைத்திருந்த ஈக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இறகுகளை வார்னிஷ் தொட்டு பிஷப்பின் கழுத்தில் ஒட்டினான். பிஷப் இரண்டு முறை கொத்தியது. அதற்கு உரிமை இருந்தது. கடைசி ஈயை எடுத்தபோது தெருமுனையில் நூலக வண்டியின் சத்தம். பிரிக்க நேரமில்லை. முள்ளோடு அப்படியே ஒட்டிவிட்டு ஓடினான்.

"அடேயப்பா! ஒரே நாள்ல இப்படி முளைச்சிருச்சே!" டிம்ப்னா பிஷப்பை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை ஊர்க் கண்காட்சியில வெச்சிடலாமா?"

"வேண்டாங்க. கண்ணு பட்டுடும்."

"படட்டுமே."

கண்காட்சியில் நடுவர் கோர்மக். தூண்டில் கடைக்காரர். சேவலின் கழுத்தைத் தடவியவர் "ஐயோ!" என்று விரலை உதறினார். விரல் நுனியில் ஒரு ஈ தொங்கியது.

"மாலக்கி, இது நீ கட்டினதுதானே? இந்த முடிச்சு ஊர்ல வேற யாருக்கு வரும்?"

கூட்டம் திரும்பியது. மாலக்கி டிம்ப்னாவை மட்டும் பார்த்தான்.

"நரி இல்லைங்க, நான்தான். இருந்ததையெல்லாம் திருப்பி ஒட்டிட்டேன். மன்னிச்சிடுங்க. இனிமே உங்க வேலிப் பக்கமே வரமாட்டேன்."

அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த டிம்ப்னாவின் முகம் கடைசி வாக்கியத்தில் வாடிவிட்டது. பிஷப்பைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

"போச்சு," என்றான் மாலக்கி.

கோர்மக் விரலைச் சப்பிக்கொண்டே அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"ஓடிப்போய்ப் பிடிடா, மடையா! ஒரு பொட்டைக்கோழிகூட இல்லாத வீட்ல சேவல் எதுக்குன்னு நீ யோசிக்கவே இல்லையா? குளிர்காலத்துல அவங்க என் கடைக்கு வந்து, மாலக்கிக்கு எந்த நிறத்து இறகு பிடிக்கும்னு கேட்டுட்டுப் போய்த்தான்டா அதை வாங்கினாங்க!"