நாலுக்கும் ஒரே மாத்திரை

மருந்துக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மாத்திரை அட்டை இன்றைக்கும் இருந்தது. நோயலுக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டான்.

"இன்னா ஜூடி, சளி, இருமல், காய்ச்சல், மேல்வலி நாலுக்கும் ஒரே மாத்திரையா? உள்ள ஒரு மருந்து சளிய வெளிய தள்ளுது. இன்னொண்ணு இருமாதேன்னு அமுக்குது. அப்ப சளி எங்க போவும்?"

"நேத்தும் இதத்தான சொன்னீங்க?" என்றாள் கவுன்ட்டரில் இருந்த ஜூடி. "புதுசா எதுனா சொல்லுங்க."

புதுசாகச் சொல்ல அவனிடம் நிறைய இருந்தது. அதில் எதுவும் மருந்தைப் பற்றியது இல்லை.

நோயல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வேலை முடிந்ததும், இப்படித் தாறுமாறாகக் கலந்த மாத்திரைகளை விற்காதீர்கள் என்று கடை கடையாகச் சொல்லும் குழுவில் சுற்றுவான். காலடிப்பேட்டையில் மற்ற கடைகள் எல்லாம் திருந்திவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி. இதுவும் திருந்தினால் குழு எண்ணூருக்குப் போய்விடும். அப்புறம் என்ன சாக்கில் இங்கே வந்து நிற்பது? கிரேன் உச்சியில் உட்கார்ந்து காலடிப்பேட்டை இருக்கும் திசையைப் பார்த்து ஏங்குவதே அவன் பிழைப்பாகிவிட்டது.

தெருமுனையில் குழுத் தலைவர் ஆண்ட்ரூவின் வண்டி தெரிந்தது.

"ஜூடி, அத்த உள்ள வைங்க. அண்ணன் பாத்தா பேஜாரு பண்ணுவாரு."

அவள் சட்டென்று அட்டையை டிராயரில் போட்டாள். ஆண்ட்ரூ கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். நோயலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சாதிச்சிட்ட நைனா! நாளைலருந்து நமக்கு எண்ணூரு."

நோயல் அவர் பிடியிலிருந்து விலகினான். "இல்லண்ணே... டிராயர்ல கீது" என்று உளறிவிட்டான்.

"ஒளிச்சி வெச்சி விக்கறீங்களா?"

ஆண்ட்ரூ போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாப் கூட்டம் மொத்தமும் கடை முன்னால் வந்து நின்றது. என்ன விஷயம் என்று தெரியாமலே ஒருவர் "ஒழிக!" என்றார். ஜூடி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வேலைக்கே உலை வைத்துவிட்டோமே என்று நோயல் பதறினான்.

"அவங்க மேல தப்பு இல்லண்ணே! நான்தான் ஒளிக்கச் சொன்னேன்!"

"அடப்பாவி, நீ மருந்துக் கம்பெனி ஆளா?"

டீ குடிக்கப் போயிருந்த முதலாளி உசேன் பாய் கிளாசோடு ஓடிவந்தார். டிராயரில் இருந்த அட்டையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. உள்ளே ஒரு மாத்திரைகூட இல்லை.

"இத்த எங்கப்பா விக்கறது? நோயல் தம்பி மொத தபா வந்து சொன்னப்பவே எல்லாத்தயும் திருப்பி அனுப்பிட்டேன். இந்தக் காலி அட்டைய மட்டும், தம்பி வர்ற நேரம் பாத்து, இந்தப் பொண்ணுதான் டெய்லி எடுத்து கண்ணாடில வெக்குது!"