‘போ’ என்று எழுதிய விரிப்பு

வாசகரே, உலகத்தில் ஒரு ஜாதி மனிதர் உண்டு. அவர்களுக்கு நிறமோ மதமோ கிடையாது, எந்த ஊரிலும் முளைப்பார்கள். ஒருவரைப் பார்த்து ‘போய்த் தொலை, போய்த் தொலை’ என்று ஊர் கேட்கக் கத்துவார்கள். தொண்டை கட்டினால் தேன் குடித்துவிட்டு வந்து மறுபடி கத்துவார்கள். அந்த ஆள் ஒருநாள் நிஜமாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், ‘ஐயோ, எங்களை விட்டுவிட்டுப் போகிறானே!’ என்று தெருவில் உட்கார்ந்து அழுவார்கள். இவர்களுக்குப் பெயர் ரசிகர்கள்.

எல்லா ரசிகர்களையும் சொல்லவில்லை. கிரிக்கெட் ரசிகன் மழை வந்தால் வீட்டுக்குப் போய்விடுவான். கால்பந்து ரசிகனுக்குத் திட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முழு விளைச்சலைப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் யார்க்ஷயருக்கு வாருங்கள், ஹெப்லி மாதிரி ஒரு சின்ன ஊருக்கு. அங்கே ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று தடியர்கள். பந்தோடு ஓடுகிறவனை எதிரிகள் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். ஆறு முறை பிடிபட்டால் பந்து கைமாறும். அவ்வளவுதான் ஆட்டம். அதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? கிளென் பாரக்ளஃபைக் கேளுங்கள். இல்லை, வேண்டாம். அவர் மனைவி லொரெய்னைக் கேளுங்கள். அவள் கேட்டுக் கேட்டே பாதி ஆளாகிவிட்டவள்.

கிளென் ஊர் பஸ் ஓட்டுகிறவர். லொரெய்ன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவரும் குடியிருந்தார்: ஹெப்லி அணியின் பயிற்சியாளர் மெர்வின் ஹாலிவெல். அவர் ஒருநாள்கூட வாசற்படி மிதித்ததில்லை. ஆனால் காலை ரொட்டியில் அவர்தான், இரவு டீயில் அவர்தான், லொரெய்ன் குளித்துக்கொண்டிருந்தால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவரைப் பற்றித்தான்.

“அஞ்சாவது பிடியில பந்தை உதைக்கணும். சின்னக் குழந்தைக்குத் தெரியும். இந்த ஆளு ஓட விடறான். ஓடி எங்க போறது, லீட்ஸுக்கா?”

“எனக்குக் கண்ணுல சோப்பு போயிடுச்சு, கிளென்.”

“அவனுக்கும் அதான்னு நெனைக்கிறேன்.”

சரி, இப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் அந்த ஜாதிக்கு ஒரு விரதம் உண்டு: பிடிக்காததை ஒரு வாரம்கூடத் தவறவிடக் கூடாது. லொரெய்னுக்கு ஒரே ஆசை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிட்லிங்டன் கடற்கரைக்குப் போய், புருஷனோடு பெஞ்சில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றிய மீனும் சிப்ஸும் தின்ன வேண்டும். கேட்கும்போதெல்லாம் கிளென் தட்டில் கிரேவியை ஊற்றிக்கொண்டே வாக்குக் கொடுப்பார்.

“அவன் போகட்டும், லொரெய்ன். அவன் போன அடுத்த ஞாயிறு பிரிட்லிங்டன். இப்ப நான் போயிட்டா, மைதானத்துல அவனை யாரு கேக்கறது?”

கேட்பதற்காகவே ஒரு விரிப்பும் தயாராயிற்று. லொரெய்னின் அக்கா கல்யாண நாளுக்குக் கொடுத்த இரட்டைக் கட்டில் விரிப்பு, மெத்தையைக் கவ்விக்கொள்கிற மாதிரி சுற்றிலும் எலாஸ்டிக் வைத்தது. லொரெய்ன் கடைக்குப் போன நேரம் பார்த்து, கிளென் அதைக் கொட்டகையில் விரித்து, வேலிக்கு அடித்த கறுப்புப் பெயின்டால் எழுதினார். மேலே பெரிசாக: ஹாலிவெல். கீழே: வெளியே போ. லொரெய்ன் திரும்பி வந்து பார்த்தாள். அன்றிலிருந்து விரிப்பு அலமாரிக்குப் பூட்டு. சாவி அவள் கைப்பையில்.

ஞாயிறுதோறும் மைதானத்தில், பார்வையாளர்கள் நிற்கிற மேற்கு மேடைக் கம்பியருகே கிளென் ஒரு முனையையும், லொரெய்னின் தம்பி லெஸ் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதிலே கிளெனுக்கு ஒரு தீராத எரிச்சல். பயிற்சியாளர் மைதானத்துக்குள் வரும்போது நேராக விரிப்பைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, கையை உயர்த்தி அசைப்பார். சிரிப்பார் வேறு.

“திமிரைப் பாத்தியா மச்சான்! ‘வெளியே போ’ன்னு எழுதி வெச்சிருக்கோம், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி கையாட்டிட்டுப் போறான்!”

“தோல் மாப்ளே, தோல். காண்டாமிருகம்.”

இப்படியே இரண்டு வருஷம். இந்தக் கோடையில் அணி தொடர்ந்து நாலைந்து ஆட்டம் ஜெயித்தது. அதற்கும் விரிப்பு பிடித்தார்கள். ஜெயித்த விதம் சரியில்லையாம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, ஹாலிவெல் போய்விட்டார். யாரும் நீக்கவில்லை, சண்டை இல்லை, வேறு அணி கூப்பிடவும் இல்லை. ராஜினாமா. லெஸ்தான் சேதி கொண்டுவந்தான். லொரெய்ன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ‘அப்பாடா, பிரிட்லிங்டன்’ என்று அவள் மனசு ஒரு துள்ளு துள்ளியது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். கிளென் சீருடைத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். சாவு வீட்டில் வைப்பது போல.

“யாரைக் கேட்டுப் போனான்?” என்றார் மெதுவாக.

“நீதானே போகச் சொன்ன?”

“நான் சொன்னேன். நான் சொன்னா போயிடறதா? இத்தனை நாள் நான் சொன்ன ஒண்ணையாவது கேட்டானா? அஞ்சாவது பிடியில உதைன்னு சொன்னேன், கேட்டானா? இதை மட்டும் கேக்கறானா?”

“பாதி சீசன்ல விட்டுட்டு ஓடறதுக்குப் பேரு துரோகம் மாப்ளே,” என்றான் லெஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“மனுஷன் பொறுத்துப் பொறுத்துப் பாத்திருப்பான். அந்தக் கத்தற கூட்டம்தான் விரட்டிடுச்சு,” என்றார் கிளென்.

“எந்தக் கூட்டம்?” என்றாள் லொரெய்ன்.

“கிழக்கு மேடை ஆளுங்க,” என்றார் கிளென், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். லெஸ் ஆமோதித்துத் தலையாட்டினான்.

இந்த இடத்தில் அந்த ஜாதியின் மூளையைக் கொஞ்சம் வியந்துகொள்ளுங்கள். வரலாற்றைத் திருத்த அரசாங்கங்களுக்கு வருஷக்கணக்காகும். இவர்கள் ஒரு கெட்டில் தண்ணீர் கொதிப்பதற்குள் முடித்துவிட்டார்கள். தோற்ற ஆட்டங்களெல்லாம் நடுவரின் தோல்விகள் ஆயின. ஐந்தாவது பிடியில் ஓடவிட்டது துணிச்சல் ஆயிற்று. அந்தக் கையசைப்பு? “பெரிய மனசு லொரெய்ன். எவ்வளவு கேவலமா நடத்தினாலும் கையாட்டிட்டுப் போவான்.”

“அப்ப ஞாயிறு பிரிட்லிங்டன்தானே?”

கிளென் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே! அப்போதுதான் பிணத்தை எடுத்த வீட்டில் சினிமாவுக்குக் கூப்பிட்டவளைப் பார்ப்பது போல.

“இந்த ஞாயிறா? இந்த ஞாயிறு அவனுக்கு வழியனுப்பு. மேடை மொத்தமும் எழுந்து நின்னு கைதட்டப் போறோம். ஒரு விரிப்பு வேணும்.”

“அலமாரியத் தொட்டா கை இருக்காது.”

தொடவில்லை. பழைய விரிப்பையே திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் ‘நன்றி ஹாலிவெல்’ என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிறு காலை லொரெய்ன் தனியாகப் பஸ் ஏறினாள். கோபத்தில் ஏறினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் தாண்டும்வரை உதடு இறுகியே இருந்தது. வயல்கள் வந்தபின் தளர்ந்தது. பிரிட்லிங்டனில் நல்ல வெயில், காற்று. மீன் கடையில் பழக்கதோஷத்தில் “ரெண்டு” என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டு, மாற்றாமல் வாங்கிக்கொண்டாள். துறைமுகச் சுவரோரம் ஒரு பெஞ்சில்தான் இடமிருந்தது. அங்கே ஒரு தம்பதி. அந்த ஆள் திரும்பினார். இரண்டு வருஷம் தன் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்த முகம்.

“நீங்க பஸ் ஓட்டற கிளென் வீட்டம்மாதானே? விரிப்பு கிளென்?” என்றார் ஹாலிவெல்.

லொரெய்ன் நின்றபடியே சொன்னாள்: “மன்னிச்சிடுங்க. அந்த விரிப்பு என்னோடது. எழுத்து என்னோடது இல்ல.”

“உக்காருங்க, உக்காருங்க. துணி நல்ல துணிங்க. எலாஸ்டிக்தான் ரொம்ப முறுக்கு.” அவர் வினிகர் புட்டியை அவள் பக்கம் தள்ளினார். “கீழ் ஓரம் முழுக்க உள்ளே சுருட்டிக்கும். நான் நிக்கற எடத்துலருந்து என் பேரு மட்டும்தான் தெரியும். ‘ஹாலிவெல்’னு. பெரிசா. சரி, இந்த ஊர்ல நமக்குன்னு ரெண்டு பேராவது இருக்காங்க, மழையிலயும் விரிப்பைப் பிடிச்சிட்டு நிக்கறாங்கன்னு நெனச்சேன்.”

“அதனாலதான் கையாட்டினீங்களா?”

“பின்ன? வேற யாரும் எனக்கு எதையும் தூக்கிப் பிடிக்கலையே. தோத்துட்டு வந்தா இவகிட்ட சொல்லுவேன், கவலைப்படாத, அந்த ரெண்டு பேரு இன்னிக்கும் வந்திருந்தாங்கன்னு.”

அவர் மனைவி கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: “போன வாரம் காத்து அடிச்சுது.”

“ஆமா,” என்றார் ஹாலிவெல். “போன வாரம் நல்ல காத்து. முழுசா விரிஞ்சிடுச்சு.”

கொஞ்ச நேரம் மூவரும் தின்றார்கள். கடற்பறவை ஒன்று வந்து லொரெய்னின் இரண்டாவது பொட்டலத்தைக் கிளென் மாதிரியே உரிமையோடு முறைத்தது. பயிற்சியாளரின் மனைவி அதை விரட்டிவிட்டு, “ஒண்ணு சொல்லட்டுமா? கல்யாணம் ஆனதுலருந்து இப்பத்தான் ஞாயித்துக்கிழமைன்னா எப்படி இருக்கும்னு பாக்கறேன். உங்க விரிப்புக்கு நான்தான் நன்றி சொல்லணும்” என்றாள். லொரெய்ன் சிரித்தாள். ஆனால் ஹாலிவெல் சிரிக்கவில்லை. மைதானம் இருக்கிற திசையில் ஒருமுறை பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம் தொடங்கும் நேரம்.

அவள் வீடு திரும்பியபோது கிளென் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“வரவே இல்ல லொரெய்ன். மேடை மொத்தமும் எழுந்து நின்னுது. அவன் வரல. ஒரு கையசைப்பு இல்ல. விரிப்பை வேற கம்பியில கிளிப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தோம். பின்னாலிருந்து வெயில் அடிச்சு, பழைய எழுத்தும் கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பித் தெரிஞ்சுதாம். கிழக்கு மேடைக்காரனுங்க சிரிக்கறானுங்க.”

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் லொரெய்ன் வந்தாள். பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டு வந்தாள். புருஷனுடைய தொங்கிய முகத்தைப் பார்த்தாள். இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் பார்த்தாள்: ஒரு வாரம் அழுவார்; அதன்பின் ஹாலிவெல் சரித்திரம் காலை ரொட்டியில் தொடங்கி மறுபடி குளியலறைக் கதவுக்கு வரும்; சாகும்வரை.

“பிரிட்லிங்டன்ல நல்ல காத்து,” என்றாள். ஆறிப்போன மீனைச் சூடுபண்ணிக் கொடுத்தாள்.

புதுப் பயிற்சியாளர் வந்தார். நல்ல இளைஞர், பிரஸ்காட் என்று பெயர். முதல் ஆட்டத்துக்குக் கிளெனும் லெஸ்ஸும் குளித்துச் சவரம் செய்து புனிதயாத்திரை போவது போலப் போனார்கள். பாதி ஆட்டம்வரை பொறுத்தார்கள், பாவம். சாயங்காலம் கிளென் கதவைத் திறந்த விதத்திலேயே லொரெய்னுக்குத் தெரிந்துவிட்டது.

“அஞ்சாவது பிடியில உதைக்கிறான் லொரெய்ன்! ஒவ்வொரு தடவையும்! ஹாலிவெல்லா இருந்தா ஓட விட்டிருப்பான்!” தண்ணீர் குடித்தார். கொஞ்சம் தயங்கினார். “உன்கிட்ட... பழைய விரிப்பு ஏதாவது இருக்குமா?”

லெஸ் வாசலில் நின்றபடி குண்டு வெடிக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டான். வெடிக்கவில்லை. லொரெய்ன் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு விரிப்பாக எடுத்து, ஓரத்தை விரலால் இழுத்து விட்டுப் பார்த்தாள். ஒன்று தொளதொள. ஒன்று பரவாயில்லை. கடைசியாக ஒன்று ‘டப்’பென்று அவள் விரலிலேயே அடித்தது.

“இந்தா,” என்றாள். “பேரை மேல எழுது, பெரிசா. மத்ததெல்லாம் கீழ, ஓரமா எழுது. கிளிப் எதுவும் போடாத. கையில பிடிச்சாப் போதும்.”

“நீ தங்கம் லொரெய்ன்! அப்ப பிரிட்லிங்டன்...?”

“அவன் போகட்டும், கிளென்,” என்றாள் அவள். “அதுவரைக்கும் நான் மட்டும் போய்ட்டு வரேன். ஞாயித்துக்கிழமைதோறும்.”

பிரஸ்காட் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் மேற்கு மேடையைப் பார்த்துக் கையசைக்கிறாராம். கிளெனுக்குக் கொதிக்கிறது. விரிப்பைப் பிடிப்பவனுக்கு அதன் முதுகுதானே தெரியும்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு ரக்பியே தெரியாது, படுக்கை விரிப்பில் பெயின்ட் அடித்ததும் இல்லை. நல்லது. ஆனால் உங்கள் அலுவலக மேலாளரோ, வார்டு கவுன்சிலரோ, சம்பந்தியோ, ‘இந்த ஆள் எப்போது ஒழிவான்’ என்று நீங்கள் நாள்தோறும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிற அந்த ஒருவர், உங்களைக் கண்டால் முகம் மலர்ந்து கையசைக்கிறாரா? கோபப்படாதீர்கள். உங்கள் விரிப்பின் கீழ் ஓரம் சுருண்டிருக்கிறது, அவ்வளவுதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.