ஸெர்ச்சு பாவாவும் என் மாமனாரின் சுருட்டை முடியும்

இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தைக்காக உயிரையே கொடுக்கக்கூடிய மனிதர் திருத்தணியில் ஒருவர்தான் இருந்தார். வார்த்தை 'ஸெர்ச்'. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே தகரப்பெட்டி மேல் காகிதத்தை வைத்து மனு எழுதிப் பிழைத்தவர். பெயர் யாருக்கும் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் அவர் பாவா முறை, அதாவது மச்சான். அதனால் ஸெர்ச்சு பாவா.

ஆட்டைக் காணோம் என்று போனால் அந்த வார்த்தையைப் போடவே மாட்டார். "ஆட்டுக்கு 'லுக்' போதும். 'ஸெர்ச்' மனுசனுக்குத்தான்" என்பார். குடையைத் தொலைத்த வாத்தியார் ஒருவர் 'ஸெர்ச்' போட்டே தீரவேண்டும் என்று சண்டை பிடித்தார். பாவா மனுவையே கிழித்துவிட்டார். வாத்தியார் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய புது குமாஸ்தா. என் இங்கிலீஷைக் கண்டு எனக்கே பிரமிப்பு. பாவாவைக் கண்டால் இளக்காரம்.

அந்த ஆடிக்கிருத்திகைக்கு என் மாமனார் மொட்டை போட வந்தார். அம்மையார்குப்பத்து நெசவாளி. கண்ணில் புரை, இரண்டு முழத்துக்கு அப்பால் ஆள் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. சரவணப் பொய்கைக் கூட்டத்தில் எங்கள் ஆபீசர் எதிரே வந்தார். இரண்டு கையாலும் கும்பிடு போட்டேன். திரும்பினால் மாமனார் இல்லை.

என் மனைவி அழத் தொடங்கினாள். "நைனாக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரியுமில்ல? கொளத்துல காலு வழுக்கினா என்னா பண்றது?"

அவளையும் இழுத்துக்கொண்டு ஓடி, பாவாவின் காகிதத்தைப் பிடுங்கி நானே எழுதினேன். பாவா எட்டிப் பார்த்தார்.

"'ஸெர்ச் மை ஃபாதர் இன் லா'வா? 'ஃபார்' போடு சார். இல்லன்னா போலீஸ்காரன் அவரு மடியத்தான் தடவிப் பாப்பான்."

போட்டேன். அடையாளமும் எழுதினேன்: அடர்ந்த சுருட்டை முடி, முறுக்கு மீசை.

"இன்னாத்துக்கு வந்தாரு சார் அவரு?"

"மொட்டை போட."

"போட்டாச்சா?"

"ஆங்..." துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதே நான்தான்.

பாவா என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் திரும்பினார். "ஏம்மா, நைனாக்கு எதச் சொன்னா கோவம் வரும்?"

"எங்க ஊரு சேலையக் கொற சொன்னா ஆளையே அடிச்சிடுவாரு."

பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் குளத்துக்கு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைகள். பாவா படிக்கட்டில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினார்: "அம்மையார்குப்பம் சேலை ஒரே தண்ணில சாயம் போவுதுடோய்!"

மூன்றாவது கத்தலுக்கு ஒரு மொட்டை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. "எவன்டா அவன்?" என்று குரல் வந்த பக்கம் பாய்ந்து, பாவாவின் சட்டையைப் பிடித்து முதுகில் இரண்டு வைத்தது. சட்டை கிழிந்தது. என் மாமனாரேதான்.

என் மனைவி கூட்டத்துக்குள் எங்கோ சிக்கியிருந்தாள். நான் விலக்கிவிடப் போனேன். பாவா என்னைப் பார்த்துக் கையை ஆட்டி வேண்டாம் என்றார். அடியை வாங்கிக்கொண்டே மாமனாரிடம் சொன்னார்: "சட்டைய உட்றாதீங்க நைனா. உங்க பொண்ணு வர்ற வரிக்கும் கெட்டியா புடிச்சிகினு இருங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.