மானிட்டருக்கு வச்ச பொட்டு

நான் மூணாப்புதான் படிச்சேன். நாலாப்பு டீச்சர் தப்பிச்சாங்க. ஆனா கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணியிருக்கேன். அதோட நிறுத்திக்கிட்டா எனக்கு மரியாதை. மிச்சத்தை எம் மருமவ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

எம் மருமவ சுகன்யா, புள்ள பொறந்ததுலேருந்து பெரம்பலூர்ல எங்க வூட்டோட கெடந்தவ. வூட்டுலேருந்தே பாக்குற வேலை ஒண்ணுக்கு எழுதிப் போட்டிருந்தா. மெஷினு கெட்டுப்போச்சுன்னு போன் பண்றவங்களுக்குப் பதில் சொல்ற வேலை. பதினொரு மணிக்கு இன்டர்வியூ. போன்ல பேசக்கூடாது, கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காரணுமாம். ஏற்கெனவே மூணு எடத்துல வேண்டாம்னுட்டாங்க. இதுவும் போச்சுன்னா இனிமே எங்கயும் எழுதமாட்டேன்னு சொல்லிட்டா.

பத்து மணிக்கு மானிட்டர் பட்டுனு அணைஞ்சுச்சு. தானா வந்துச்சு. மறுபடி அணைஞ்சுச்சு. (எங்க வூட்டுக்காரரு டிவி முன்னாடி உக்காந்த மாதிரியே. முழிக்கிறது, சொக்குறது.)

அரியலூர்ல வேலை பாக்குற எம் மவன் செந்திலுக்குப் போன் போட்டா. அவன் அங்கேருந்தே வயரப் புடுங்கிச் சொருகச் சொன்னான், சொருகுனா. வேற பிளக்குல மாட்டச் சொன்னான், மாட்டுனா. சூடாயிருக்கும், ஃபேனத் திருப்புன்னான். அதுல இவ வாரி முடிஞ்ச தலைதான் கலைஞ்சுச்சு. கடைசியா உள்ள போர்டு போயிருக்கும், பஸ் புடிச்சு வரேன்னான். அவன் வந்து எறங்கறதுக்குள்ள இன்டர்வியூ முடிஞ்சிருக்கும்.

நான் சும்மா இருப்பனா? கண்ணு பட்டிருக்கும்னு உப்பு மொளகா சுத்திப் போட்டேன். (இருமுனதுதான் மிச்சம்.) சுகன்யாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மொளகாயால இல்ல.

"விடுங்கத்த. நமக்கு அவ்ளோதான்."

இன்டர்வியூவுக்குக் கட்டுன பொடவைய மாத்த உள்ள போயிட்டா. அப்பத்தான் நான் குனிஞ்சு பாத்தேன். கீழ ஓரத்துல, பச்சை லைட் எரியுற பட்டனைச் சுத்தி மஞ்சளா என்னமோ காஞ்சு கெடந்துச்சு. அது என் சந்தனம்.

முந்தாநாள் ஆயுத பூஜை. கிரைண்டர், சைக்கிள், அருவாமனை எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். கம்ப்யூட்டருக்கு நெத்தி எதுன்னு தெரியல. பச்சையா மின்னுற எடமாத்தான் இருக்கும்னு, கெட்டியாக் கொழச்சு அப்புனேன். நேத்து ஈரத்துணியால தொடச்சவ சுகன்யா. சந்தனத்தை சந்துக்குள்ள தள்ளுனது அவ. (எம் பேர்ல பாதித் தப்புதான்.) ராத்திரியில அது இறுகி, காலையில சுகன்யா அமுக்குன பட்டன் எந்திரிக்க முடியாம மாட்டிக்கிச்சு. யாரோ வெரல எடுக்காம அமுக்கிக்கிட்டே இருக்காங்கன்னு மெஷின் நெனச்சிருக்கு, பாவம்.

தாலிச் சரட்டுல கெடந்த ஊக்கைக் கழட்டிச் சுரண்டுனேன். பட்டன் டக்குனு வெளிய வந்துச்சு. மானிட்டர் எரிஞ்சுச்சு, அணையவே இல்ல. கொட்டுன தூளை முந்தானையில தொடச்சுட்டுத்தான் அவளக் கூப்புட்டேன்.

"என்ன பண்ணுனீங்கத்த?"

"ஒரு தட்டு தட்டுனேன். மெஷினுக்கும் ஒரு பயம் வேணும்ல."

அவ என் முந்தானைய ஒரு பார்வை பாத்தா. உக்காந்துட்டா.

நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். (ஒட்டுக்கேக்கல. காதுல விழுந்துச்சு.) இன்டர்வியூ பண்ணுன சார் என்னென்னமோ கேட்டாரு, இவளும் சொன்னா. கடைசியா ஒண்ணு கேட்டாரு.

"ஒரு கஸ்டமர் போன் பண்ணி, மானிட்டர் அணைஞ்சு அணைஞ்சு எரியுதுங்கறாரு. மொதல்ல என்ன கேப்பீங்க?"

சுகன்யா கதவுப் பக்கம் ஓரக்கண்ணால பாத்தா.

"ஆயுத பூஜை முடிஞ்சு எத்தனை நாளாச்சுன்னு கேப்பேன் சார். அப்பறம், வூட்டுல மாமியார் இருக்காங்களான்னு கேப்பேன்."

அந்த சார் முழிச்சாரு. அப்பறம் இவ ஆதியோட அந்தமாச் சொல்ல, அவரு சிரிச்ச சிரிப்பு எனக்கே கேட்டுச்சு. வேலை கெடச்சிருச்சு. செந்தில் பஸ்ஸ விட்டு எறங்கி வந்தப்ப, ரிப்பேருக்கு அவசியமில்ல, கேசரிக்கு ரவை வாங்கிட்டு வான்னு திருப்பி அனுப்பிச்சேன்.

அதுலேருந்து வருசா வருசம் ஆயுத பூஜை அன்னைக்குக் காலையில, மானிட்டரோட பின்பக்கத்துல சுகன்யா ஒரு காகிதம் ஒட்டிடுவா. 'நெத்தி இங்க இருக்கு'ன்னு எழுதியிருக்கும். நான் எழுத்துக் கூட்டிப் படிச்சு, சரியா அங்கயே வைக்கிறேன். மூணாப்பு படிச்சது வீணாப் போவல.