பிரேக்குக்குச் சொன்ன ஓம்

தன் உயிர் உள்ளவரை மனைவி றாஹிலாவின் கால் தன் கார்ப் பெடலில் படாது என்பது காலிதீனின் சபதம். கார் வாங்கிய நாள் முதல் அவள் "எனக்கும் ஓடப் பழக்குங்க மச்சான்" என்று கேட்பாள். அவர் "ஏலா" என்று மறுப்பார். பேச்சு அத்தோடு முடியும்.

அந்தச் சபதத்தைக் கெடுத்தது ஒரு துக்கடா ஆணி. பிரேக்கில் காற்று வெளியேற்றும் நிப்பிள் துருப்பிடித்து ஒடிந்துபோனது. கராஜ்காரனோ நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான். மனிசன் கொதித்துப்போனார். இவனுக்காகக் காத்துக் கிடக்க நான் என்ன கையாலாகாதவனா? கல்முனைக் கடையில் புது நிப்பிள் வாங்கி, தானே பூட்டினார். இனிப் பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் கீழே நிப்பிளைத் திறந்து பூட்ட, இன்னொருவர் மேலே பெடலை மிதிக்க வேண்டும். வீட்டில் அந்த இன்னொருவர் றாஹிலா மட்டும்தான்.

"மிதிக்க மட்டுந்தான். ஸ்டியரிங்ல கை வைக்கப்படா."

"சரி மச்சான். மடியில வச்சிக்கிறன்."

"நான் 'விடு' எண்டு சொல்லுமட்டும் காலை எடுக்காத. எடுத்தா காத்து திரும்பி உள்ள போயிரும்."

காலிதீன் காருக்குக் கீழே சில்லடியில் படுத்தார். அவள் மிதித்தாள், அவர் நிப்பிளைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சுபைறாவின் ஆடு வந்து, நிப்பிளிலிருந்து போத்தலுக்குள் விட்டிருந்த ரப்பர் குழாயைக் கவ்வியது.

"விடு, விடு சனியன்!"

றாஹிலா காலை எடுத்தாள். காற்று உள்ளே போனது.

"ஏன் எடுத்த?"

"விடு எண்டீங்க."

"அது ஆட்டுக்குச் சொன்ன!"

"எனக்கும் ஆட்டுக்கும் ஒரே சொல்லு எண்டு எனக்கென்ன தெரியும்?"

ஆத்திரத்தில் அவர் சொல்லை மாற்றினார். இனி "ஓம்" என்றால்தான் எடுக்க வேண்டும். சம்மதம் சொல்லும் அந்தச் சொல் அந்த வீட்டில் தன் வாயில் தவறியும் வராது, அதனால் குழப்பமும் வராது என்று நினைத்தார்.

ஆட்டைப் பிடிக்கச் சுபைறா வந்து நின்றாள். மிதி, ஓம். மிதி, ஓம். போத்தலுக்குள் குமிழிகள் குறைந்தன. றாஹிலா பெடலை அழுத்திப் பிடித்தபடி குரலை உயர்த்தினாள்.

"மச்சான், இண்டைக்கே எனக்குக் கார் ஓடப் பழக்குவீங்களா?"

தாடியில் பிரேக் ஒயில் வழிய, நிப்பிளை இறுக்குவதிலேயே அவர் கண்ணாக இருந்தார். கேள்வி மூளைக்கு ஏறுமுன் வாய் முந்திக்கொண்டது.

"ஓம்."

"கேட்டீங்களா கா?" றாஹிலா சுபைறாவின் பக்கம் திரும்பினாள்.

"ஓம் கா, நல்லாக் கேட்டிச்சி," என்றாள் சுபைறா.

காலிதீன் தவழ்ந்து வெளியே வந்தார். "அநியாயம்! அது பிரேக்குக்குச் சொன்ன ஓம்!"

"நிக்காஹ்வுக்குச் சொன்ன ஓமும் வேற எதுக்கோ சொன்னதெண்டு சொல்லுவீங்க போல."

"கார் என்ட!"

"ஓம், ஒங்கடதான். நிக்கிறது என்ட சீதன வீட்டு வளவில."

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் கார் துள்ளித் துள்ளி நகர்ந்தது. இடப்பக்க இருக்கையில் காலிதீன், பெடலே இல்லாத தரையை வலக்காலால் ஓங்கி மிதித்தார்.

றாஹிலா பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் 'ஓம்' எண்டு சொல்லுமட்டும் காலை எடுக்காதீங்க மச்சான்."